நடுவேகம்

தங்கை மகனுக்குப் பெண் கொடுப்பதில்லை என்று நஞ்சப்பன் மனத்துக்குள் முடிவு கட்டி வெகுநாள் ஆகியிருந்தது. அதை வாய்விட்டுச் சொல்லத்தான் வழி கிடைக்கவில்லை.

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே உள்ள ஊர்களில் முறை என்பது வயல் வரப்பைப் போன்றது. ஒரு சாண் நகர்த்தினாலும் ஊரே வந்து நின்று கேட்கும். தங்கைக்கு மகன் இருக்கும்போது அவனைத் தாண்டிப் பெண்ணை வெளியே கொடுக்க வேண்டுமானால், அவனே தன் கையால் வெற்றிலை எடுத்துப் புதுச் சம்பந்தியிடம் கொடுக்க வேண்டும். கொடுக்காத வரைக்கும் பெண் அவனுக்கு உரியவள். தங்கை வீடு நொடித்ததும் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான் என்ற பேச்சு ஒருமுறை கிளம்பிவிட்டால், நஞ்சப்பன் வீட்டுக்கு எந்த விசேஷத்திலும் முதல் தாம்பூலம் வராது. அவர் அப்பன், பாட்டன் காலத்திலிருந்து வாங்கி வரும் தாம்பூலம் அது.

தங்கை மருதாத்தாள் வீடு நொடித்தது உண்மைதான். நிலச் சட்டம் வந்தபோது அவள் கணவரின் வயல்கள் உழுதவர்கள் கைக்குப் போயின. அந்த ஏக்கத்திலேயே அவரும் போய்ச் சேர்ந்தார். மகன் சென்னிமலை, பாலிடெக்னிக் படித்துவிட்டு, மூணாறு மலைமேல் சித்திரபுரத்தில் மின்சார போர்டு வேலையில் இருந்தான். நல்ல பையன் என்று எல்லோரும் சொன்னார்கள். நஞ்சப்பனும் மறுக்கவில்லை. ஆனால் மாதம் பிறந்தால் இன்னொருவன் கையை எதிர்பார்த்து நிற்கிறவனுக்கு, நாலு தலைமுறை நெல் அளந்த வீட்டுப் பெண்ணைக் கொடுப்பதா? அதோடு ஆனைமலைப் பக்கத்துத் தோப்புக்காரர் பொங்கியண்ணன் தம் மூத்த மகனுக்கு நஞ்சப்பனின் மகள் ஜானகியைக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார்.

வழியைக் கடைசியில் மருதாத்தாளே திறந்து கொடுத்தாள்.

வேலந்தாவளத்தில் ஒரு காதுகுத்து. பந்தி முடிந்து பெண்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது சுப்பாத்தாள் என்கிற வாயாடிக் கிழவி ஆரம்பித்தாள்.

"ஏனுங்க மருதாத்தா, பையனுக்கு நிச்சயத் தட்டு எதுல கொண்டாறப் போறீங்க? வண்டியுமில்ல, மாடுமில்ல. பஸ்ஸுல கண்டக்டர் கையில குடுத்து உட்டுருவீங்களா?"

பெண்கள் சிரித்தார்கள். ஆண்கள் பக்கமும் சிரிப்பு வந்தது. மருதாத்தாள் நஞ்சப்பனின் தங்கை. அந்த ரத்தம் சும்மா இருக்குமா?

"சிரிங்க, நல்லாச் சிரிங்க. எம்பையன் தட்டு அனுப்பற மாதிரி இந்த நாட்டுல ஒருத்தன் அனுப்பியிருக்க மாட்டான். எங்கண்ணன் குளத்துல, ஆளில்லாம, கயிறில்லாம, படகு தானா தட்டைத் தூக்கிட்டு வரும். எங்கண்ணன் அக்கட்டப் படியில நின்னு கையில வாங்கிக்கோணும். அப்பத் தெரியும் எம்பையன் யாருன்னு."

அவள் சொன்னது வெறும் வீம்பில்லை. மலையில் தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போன ரேடியோப் பெட்டி ஒன்று சென்னிமலைக்குக் கிடைத்திருந்தது. கரையில் நின்று பெட்டியின் குச்சியைத் தள்ளினால் தண்ணீரில் படகு ஓடும், திரும்பும், நிற்கும். நஞ்சப்பனே ஒருமுறை பார்த்திருக்கிறார்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"நல்லது மருதா. படகு வரட்டும். தட்டு நனையாம என் கைக்கு வந்து சேந்தா ஜானகி உன் ஊட்டு மருமக. சேரலைன்னா உம்பையன் வெத்திலை எடுத்துக் குடுத்துப்போடோணும். வர்ற வெள்ளிக்கிழமை. சபைல சொல்லீட்டேன், அப்பறம் பேச்சு மாறக்கூடாது."

"எங்கண்ணன் பேச்சு மாறுவாரா?" என்றாள் மருதாத்தாள், பெருமையோடு சுற்றிலும் பார்த்து.

புதன்கிழமை காலையிலேயே சென்னிமலை படகோடு வந்துவிட்டான். கூடவே சிலுவைராஜ் என்று ஒரு சிநேகிதன். சாந்தன்பாறை ஏலத்தோட்டம் ஒன்றில் வண்டி மெக்கானிக். இரண்டு பேரும் குளத்துப் படியில் உட்கார்ந்து திருகாணிகளைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்கள். பிறகு சிலுவைராஜ் சோப்பு வாங்கக் கடைத்தெருவுக்குப் போனான். அவன் தலை மறைந்ததும் நஞ்சப்பன் இறங்கி வந்து, மேல்படியில் உட்கார்ந்தார்.

"இதுக்குள்ள என்ன இருக்குது மாப்ள? எனக்குஞ் சொல்லு. கெணத்து மோட்டாருக்கு மேல எனக்கு ஒண்ணுந் தெரியாது."

சென்னிமலையின் முகம் மலர்ந்தது. மாமன் வீட்டில் அதுவரை யாரும் அவனிடம் அப்படிக் கேட்டதில்லை.

"ரெண்டே சாமானுங்க மாமா. ஒண்ணு மோட்டார். இன்னொண்ணு, அதுக்கு எவ்வளவு கரண்ட் உடறதுன்னு பாக்கற கன்ட்ரோல். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு தகுந்த ஜோடியா இருக்கோணும். அங்கதான் இப்ப கொஞ்சம் சங்கடம்."

படகோடு வந்த பழைய மோட்டார் சின்னது. தட்டை ஏற்றினால் அது படகை நகர்த்தவில்லை. மலைக்குளிருக்காகத் துரைமார் காரில் சூட்டுக் காற்று அடிக்க ஒரு விசிறி வைத்திருப்பார்கள்; அந்த விசிறி மோட்டார் ஒன்றைச் சிலுவைராஜ் தேடிக் கொடுத்திருந்தான். அது யானை பலம். ஆனால் கன்ட்ரோல் மட்டும் பழையதே. ஒரு பலகையில் சுற்றிய கம்பிச் சுருள். அதன்மேல் ஊர்ந்து போகும் ஒரு சின்னப் பித்தளைக் கை. கரையில் பெட்டிக் குச்சியைத் தள்ளத் தள்ள, படகுக்குள் அந்தக் கை நகரும்.

"புது மோட்டாருக்குத் தகுந்த மொத்தமான கம்பிச் சுருளுக்குக் கோயமுத்தூர்ல சொல்லி வெச்சிருக்கறனுங்க. நீங்க வெள்ளிக்கிழமைன்னுட்டீங்க. அதுக்குள்ள வராதுங்க."

"அப்ப ஓடாதுங்கறயா?"

"ஓடுமுங்க மாமா, நல்லா ஓடும். நிறுத்தி வெச்சா கரண்டே போகாது. ஃபுல்லாத் தள்ளினா கை கடைசித் தகட்டுக்குப் போயிரும், கரண்ட் சுருளுக்குள்ள போகாம நேரா மோட்டாருக்குப் போயிரும். ரெண்டுலயும் பயமில்ல. நடுவுல நின்னாத்தான். மெதுவாப் போகச் சொன்னா மோட்டாருக்குப் போற கரண்ட் பூராவும் சுருள் வழியாப் போகோணும். இது சின்ன மோட்டாருக்குன்னு சுத்துன சன்னக் கம்பி. தாங்காது, பழுத்துரும்."

ஜானகி வெட்டிய இளநீரைக் கொண்டுவந்து அருகில் நின்றாள். அவளுக்கும் காட்ட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. படகைப் படியோரமாகப் பிடித்துக்கொண்டு, குச்சியைப் பாதியில் நிறுத்தினான். கொஞ்ச நேரம் மோட்டார் உறுமியது. பிறகு சுருளை விரலால் தொட்டவன், அலறிக்கொண்டு விரலை வாயில் வைத்துக்கொண்டான். ஜானகி வாய்விட்டுச் சிரித்தாள்.

"மச்சான் விரல்ல பொரியல் வாசம் வருது."

"வரும் வரும். இளநியக் குடு இக்கட்ட."

நஞ்சப்பன் சுருளைப் பார்க்கவில்லை. மகள் சிரித்த சிரிப்பைப் பார்த்தார். தாயில்லாத பெண், அவர் வீட்டில் அப்படிச் சிரித்ததில்லை. அதுவரை இவனை எப்படித் தள்ளுவது என்று மட்டுமே யோசித்துக்கொண்டிருந்தவர், இனி இவள் மனத்திலிருந்தும் இவனைப் பிடுங்கி எறிய வேண்டும் என்று அந்த இடத்திலேயே தீர்மானித்தார். கோடையில் மின்சாரம் அழுத்தம் குறைந்து வரும் நாட்களில், திணறித் திணறி ஓடியே எரிந்துபோன கிணற்று மோட்டார்களை அவர் பார்த்திருக்கிறார். அவன் சொன்னது அவருக்கு நன்றாகவே விளங்கியது.

"அப்ப ஃபுல்லாவே உட்டுரு மாப்ள" என்று சொல்லி அவன் தோளைத் தட்டிவிட்டு எழுந்தார்.

வெள்ளிக்கிழமை குளத்தின் நாலு கரையிலும் ஆட்கள். பங்காளிகள், மாமன் மச்சான்கள், வேலந்தாவளத்துச் சுப்பாத்தாள், எல்லோரும் வந்திருந்தார்கள். பொங்கியண்ணனுக்கும் நஞ்சப்பன் ஆள் அனுப்பியிருந்தார். பெண் கேட்டவரை, பெண்ணுக்கு முறைகாரன் தட்டு அனுப்பும் நாளில் கூப்பிடுவது வழக்கமில்லை. பொங்கியண்ணன் காரணம் கேட்கவில்லை. வெள்ளை வேட்டி சரசரக்க வந்து மரநிழலில் நாற்காலியில் அமர்ந்தார்.

எதிர்க்கரையில் மருதாத்தாள் தட்டை ஏற்றிக்கொண்டிருந்தாள். வெற்றிலை, பாக்கு, தேங்காய், மஞ்சள். எல்லாவற்றுக்கும் மேலே அரக்கு நிறத்தில் ஒரு கூறைப்பட்டு. படகுக்கு மாவிலை கட்டியிருந்தது. நஞ்சப்பன் கரையைச் சுற்றி அங்கே போய், தட்டைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு கையை உயர்த்தினார். பேச்சு அடங்கியது.

"எல்லாஞ் சரி. ஒண்ணு மட்டும். இது மங்கலத் தட்டு. திருடன் துரத்தற மாதிரி ஓடியாந்தா எங்கூட்டுக்கு அழகில்ல. மேளத்துக்குச் சரியா, சாமி ஊர்வலம் வர்ற மாதிரி, நடந்து வரோணும். என்றா மாப்ள?"

"ஆமாமா, அதுதான் மொறை" என்றார்கள் பெரியவர்கள். சீர் என்றால் நடந்துதான் வர வேண்டும். ஓடி வரும் சீரை யாரும் பார்த்ததில்லை. மருதாத்தாளும் பூரிப்போடு, "மெதுவாவே வரட்டும், நாலு பேரு நல்லாப் பாக்கட்டும்" என்றாள்.

"ஐயா, அது வந்து..." என்று சிலுவைராஜ் வாயெடுத்தான். சென்னிமலை அவன் கையைப் பிடித்து அழுத்தினான். மாமன் மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று முதலில் அவன் நினைத்தது அவன் முகத்திலேயே தெரிந்தது. நினைவூட்டும் பாவனையில் அவரைப் பார்த்தான். நஞ்சப்பன் கண்ணை விலக்கவில்லை. அவர் மறக்கவில்லை என்பது அவனுக்குப் புரிந்ததும் அதே முகத்தில் தெரிந்தது.

"மாமா..."

"என்ன, முடியாதா? முடியாதுன்னா இப்பவே சொல்லிப்போடு. வெத்திலை தயாரா இருக்குது."

சென்னிமலை ஜானகி நின்ற பக்கம் பார்த்தான். தாயைப் பார்த்தான்.

"முடியுமுங்க மாமா."

"ஏலே, கேக்காதல" என்று சிலுவைராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தது நஞ்சப்பனின் காதில் விழுந்தது. "ஃபுல்லாத் தள்ளிவிடு. கரை சேந்த பெறவு கால்ல விழுந்துக்கிடலாம்."

"மாமன் சபைல சொல்லீட்டாரு சிலுவை. உடு."

நஞ்சப்பன் நிதானமாகக் கரையைச் சுற்றி வந்து, தம் படியில் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு நின்றார். மேளக்காரர்களைப் பார்த்து விரலசைத்தார். நடைமேளம் தொடங்கியது.

படகு புறப்பட்டது. அழகாகத்தான் வந்தது, அதை அவர் பின்னாளிலும் மறுத்ததில்லை. தண்ணீரைக் கலைக்காமல், மேளத்துக்கு ஒரு அடி கூடாமல் குறையாமல், தட்டைத் தூக்கிக்கொண்டு தானாக நடந்து வந்தது. குலவை கிளம்பியது. "அட, ஆளில்லாமயே வருதுடோய்!" என்று யாரோ கத்தினார்கள். சென்னிமலை வேர்வையில் நனைந்து, குச்சியைப் பாதியில் பிடித்தபடி, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். ஒரு கட்டத்தில், இது வந்து சேர்ந்துவிடுமோ என்று நஞ்சப்பனுக்கே சந்தேகம் வந்தது.

மேளக்காரரைப் பார்த்து, "இன்னும் நிதானம்" என்று கையைத் தாழ்த்திக் காட்டினார். மேளம் தணிந்தது. படகும் தணிந்தது.

நடுக்குளத்தில் தட்டுக்கடியிலிருந்து நூலாகப் புகை எழுந்தது. சாம்பிராணி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துச் சிலர் கைகூப்பினார்கள். புகை கருத்தது. படகு ஒருமுறை குலுங்கி நின்றது. வார்னிஷ் பூசிய மேல்பலகையில் தீ கிளம்பி, வெற்றிலையைச் சுருட்டிவிட்டுப் பட்டைப் பிடித்தது.

மருதாத்தாளின் அலறலில் மேளம் நின்றது.

சென்னிமலை பெட்டியை எறிந்துவிட்டுத் தண்ணீரில் குதித்தான். நீந்திப் போய், எரிகிற தட்டை வெறுங்கையால் தூக்கித் தண்ணீரில் அமுக்கினான். படகைத் தள்ளிக்கொண்டு, அவன் கரையேறியது நஞ்சப்பன் நின்ற படியில். ஈரம் சொட்ட, தட்டை ஏந்திக்கொண்டு நின்றான். அதில் கரியும் தேங்காயும், பாதி எரிந்த பட்டும் இருந்தன. கைகள் இரண்டும் கொப்பளித்திருந்தன.

நஞ்சப்பன் தட்டைத் தொடவில்லை.

"நான் மறுக்கலை. எல்லாரும் பாத்துக்குங்க. கையை நீட்டிட்டுத்தான் நின்னேன். தட்டு வரலை. கூறைப்பட்டு நடுத்தண்ணியில எரிஞ்சா அதுக்கு மேல நாம என்ன பேசறது? தெய்வமே வேண்டாமுன்னுருச்சு."

சுப்பாத்தாள்கூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். கரை சுற்றி ஓடிவந்த மருதாத்தாள் அண்ணன் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "அண்ணா, அது வெறும் மிசினுங்கண்ணா. மிசினு கெட்டதுக்குப் பையன் என்ன பண்ணுவான்?"

"தெய்வத்த மிசினுங்காத மருதா. எந்திரி. பொங்கியண்ணன் காத்திருக்கறாரு. சென்னிமலை, வெத்திலைய எடு."

கொஞ்சம் பொறுத்துக் கொடுக்கட்டுமே, கைக்கு மருந்தாவது போடட்டுமே என்று ஒரு பங்காளி இழுத்தார். நஞ்சப்பன் திரும்பிப் பார்த்ததும் அவரும் அடங்கினார். புது வெற்றிலை வைத்த தாம்பாளம் வந்தது. அது முன்பே தயாராக இருந்தது என்பதைச் சிலர் கவனித்திருக்கலாம், சொல்லவில்லை. சென்னிமலை தோல் உரிந்த விரல்களால் அதைத் தூக்கினான். பிடிக்க முடியாமல் மணிக்கட்டில் தாங்கிக்கொண்டான். பொங்கியண்ணன் நாற்காலியை விட்டு எழுந்தார்.

அப்போதுதான் ஜானகி படியிறங்கி வந்தாள்.

"மச்சான், ஒரு பேச்சு. நடுவுல நின்னா எரிஞ்சுபோகும், ஃபுல்லாத்தான் உடோணும்னு முந்தாநேத்து எங்கப்பாகிட்டச் சொன்னீங்கல்ல? நானும் இளநியோட பக்கத்துல நின்னேன். சொன்னீங்களா, இல்லையா?"

நஞ்சப்பனின் முதுகு நேராகவே இருந்தது. பாட்டன் காலத்துத் தாம்பூலமும் சபையில் அவர் சொல்லுக்கு இருந்த விலையும், ஈரத்தில் நடுங்கிக்கொண்டு நிற்கிற இந்தச் சம்பளக்காரனின் வாயில் தொங்கின. ஆமாம் என்றால் போதும். பெண்ணும் அவனுக்குக் கிடைக்கலாம். தங்கை மகனை ஏமாற்றியவன் என்ற பெயர் நஞ்சப்பனின் பேரன் காலம் வரைக்கும் நிற்கும்.

சென்னிமலை தலையைத் தூக்கவில்லை.

"இல்லீங்க. நான் சொல்லலை. மாமாவுக்கு இதெல்லாந் தெரியாது. என்ற கணக்குத் தப்பு."

"தூ!" என்றான் சிலுவைராஜ், கூட்டத்துக்குப் பின்னாலிருந்து.

ஜானகி அவனைப் பார்த்தாள். அழுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் அழவில்லை. அவள் முகத்தில் வந்த இறுக்கம் நஞ்சப்பனுக்கு அடையாளம் தெரிந்தது. அது கண்ணாடியில் அவர் தினமும் பார்ப்பதுதான்.

"நான் வாயத் தொறந்ததும் நீங்க மூடிட்டீங்க. எரியுமுன்னு தெரிஞ்சும் மெதுவா உட்டவரு, இதையும் சொல்லுவீங்கதான். இதே மாதிரி நாளைக்கு என்னையும் எரிய உட்டுட்டு, என்ற கணக்குத் தப்புன்னு நிப்பீங்க. எனக்கு வேண்டாம்."

அவன் மணிக்கட்டிலிருந்து தாம்பாளத்தை எடுத்து, அவளே பொங்கியண்ணனிடம் நீட்டினாள். அது முறையில்லை, முறைகாரன் கைதான் கொடுக்க வேண்டும். யாரும் அதைச் சொல்லத் துணியவில்லை. பொங்கியண்ணன் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

"பேசற வாய் போலிருக்குது" என்றார் நஞ்சப்பனிடம், சிரித்துக்கொண்டே. "எங்கூட்டுல கொஞ்ச நாள்ல அடங்கிரும்."

"அடங்கிரும்" என்றார் நஞ்சப்பன்.

வீட்டு வாசலில் பந்தல் போட்டுச் சாப்பாடு தயாராக இருந்தது. கூட்டம் அங்கே நகர்ந்தது. மருதாத்தாளை இரண்டு பெண்கள் கைத்தாங்கலாக அழைத்துப் போனார்கள். சிலுவைராஜ் கருகின படகைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தான். சென்னிமலை படியில் உட்கார்ந்து கைகளைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டிருந்தான். நஞ்சப்பன் அவனருகில் போய் நின்றார்.

"எதுக்கு இல்லேன்னே?"

"எங்கம்மாவுக்கும் இது பொறந்த ஊடுதானுங்களே மாமா. உங்களை ஊரு ஒண்ணு சொன்னா அவங்களால எப்படித் தாங்க முடியும்?"

அவன் அதைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அதுதான் நஞ்சப்பனால் பொறுக்க முடியாததாக இருந்தது. ஏசியிருந்தால் திருப்பி ஏசியிருக்கலாம். அழுதிருந்தால் தேற்றியும் இருக்கலாம். தம் வீட்டு மானத்தைத் தாம் காப்பதாக இத்தனை வருஷம் நிமிர்ந்து நடந்தவருக்கு, அதை இன்றைக்கு இவன் வெந்த கையால் எடுத்துப் பிச்சையாகப் போட்டிருக்கிறான். இனி ஒவ்வொரு விசேஷத்திலும் முதல் தாம்பூலம் வாங்கும்போது இவன் முகம் எதிரே நிற்கும்.

"என்ற ஊட்டு மானத்தைக் காக்க நீ யாரு?" குரல் உயராமல்தான் கேட்டார். "எந்திரி. இனி உன்ற காலு என் வாசல்ல படக்கூடாது. கல்யாணத்துக்கும் வராதே, நான் செத்தாலும் வராதே. உங்கம்மாளையும் கூட்டிட்டு இப்பவே கெளம்பு."

"அம்மா இன்னும் சாப்பிடலீங்க மாமா."

"வழியில வாங்கிக் குடு."

சென்னிமலை எழுந்து, கும்பிட முடியாத கைகளை மார்புக்கு நேரே தூக்கிக் காட்டிவிட்டு, தாயைத் தேடிப் போனான். மருதாத்தாள் இலையின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மகன் வந்து காதில் சொன்னதும், பரிமாறியிருந்த சோற்றைப் பார்த்தாள், பிறகு அண்ணன் வரும் திசையைப் பார்த்தாள். எழுந்து போனாள்.

நஞ்சப்பன் பந்தலுக்குள் வந்தபோது தங்கை விட்டுப்போன அந்த ஒரு இலை மட்டும் தொடப்படாமல் இருந்தது. பொங்கியண்ணனுக்குப் பக்கத்தில் வேறு இடம் இல்லை. பரிமாறுகிறவன் இலையை மாற்றக் குனிந்தான்.

"இருக்கட்டும்" என்று சொல்லி, வேட்டியை ஒதுக்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தார். சம்பந்தியிடம் தோப்பைப் பற்றி விசாரித்தார். சோற்றைப் பிசைந்து குறையில்லாமல் சாப்பிட்டு, ரசத்துக்கு இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கினார். ஜானகி தூணோரம் நின்று, தகப்பன் சாப்பிடுவதைக் கடைசிக் கவளம் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.